தேர்ந்தெடுத்தவரே பரிமாறட்டும்

ஒரே தெருவிலோ ஒரே அடுக்ககத்திலோ குடியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒருவர் வீட்டில் கூடிப் பேசி, அந்தப் புத்தகத்தையொட்டிய ஒரு சாப்பாட்டைச் சேர்ந்து உண்பது என்ற ஏற்பாட்டைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இப்படி ஒரு வாசக வட்டம் தொடங்க நினைப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். எந்தப் புத்தகம் என்பது ஒன்று, என்ன சாப்பாடு என்பது மற்றொன்று. முதலாவதை இலக்கியக் கேள்வி என்று மதிக்கிறார்கள். இரண்டாவதைப் பாய் விரிப்பது, நாற்காலி போடுவது போன்ற ஏற்பாட்டு வேலைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் வாதம். புத்தகத்தை ஒருவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மாதச் சாப்பாட்டுக்கும் அவரே பொறுப்பேற்று, தன் கையால் பரிமாற வேண்டும். அடுத்த மாதம் இந்த இரண்டு பொறுப்பும் பிரியாமல் அடுத்தவரிடம் போய்ச் சேர வேண்டும். சின்ன விதிதான். ஆனால் வாசிப்பை நாம் எதற்காகக் கூடிச் செய்கிறோம் என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

வாக்கெடுப்புதானே நியாயம் என்று உடனே கேட்கத் தோன்றும். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் விரும்புகிற புத்தகத்தைப் படிப்பதில் என்ன குறை? வாக்கெடுப்பில் வெல்வது பெரும்பாலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத புத்தகமாக இருக்கும். பரிசு வாங்கியது, படமாக வந்தது, பெயர் ஏற்கெனவே காதில் விழுந்தது, பக்கம் குறைவானது. யாரோ ஒருவர் தூக்கத்தைத் தொலைத்துப் படித்த புத்தகம், மற்ற பதினொரு பேர் கேள்வியே பட்டிராத புத்தகம், அந்தப் பட்டியலில் தோற்றுவிடும். வட்டம் ஒன்று வேண்டியிருப்பதே அப்படிப்பட்ட புத்தகத்துக்காகத்தான். எல்லோருக்கும் தெரிந்த புத்தகத்தை அவரவர் தாமே வாங்கிப் படித்துக்கொள்ளலாம், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லை. இன்னொரு குறையும் உண்டு. வாக்கில் வென்ற புத்தகத்துக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை. அது பிடிக்காவிட்டால் இதை யார் சொன்னது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடலாம். இதில் நான் கண்டது இது, அதனால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன் என்று எழுந்து சொல்ல அங்கே ஆள் இருக்கமாட்டார்.

பெரிய அளவில் நடந்த முயற்சி ஒன்றைப் பாருங்கள். 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பெர்ல், ஊரே ஒரு புத்தகத்தைப் படித்தால் என்ன என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸின் நாவல். பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரின் கதை. கைதூக்கச் சொன்னால் எளிதில் கைகள் எழக்கூடிய கதை அல்ல. ஆனால் இதைப் படியுங்கள் என்று சொல்ல ஒரு நூலகர் முன்னால் நின்றார், திட்டம் பிடித்துக்கொண்டது. 2001இல் சிகாகோ ஹார்ப்பர் லீயின் நாவலோடு அதே வழியில் இறங்கியது. 2002இல் நியூயார்க் முயன்றபோது குழு கூடிப் பேசியது. சாங்-ரே லீயின் நாவலா, ஜேம்ஸ் மெக்பிரைடு தன் தாயைப் பற்றி எழுதிய நூலா என்று கருத்து பிளந்தது. எது யாரைப் புண்படுத்தும் என்ற கணக்கு நடுவில் புகுந்தது. ஊர் முழுவதும் ஒப்பிய ஒரு புத்தகம் கிடைக்காமலே முயற்சி சிதைந்தது. அங்கே படிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இது என் தேர்வு, பழியும் என்னுடையது என்று சொல்ல ஒருவர் இல்லை என்பதே அங்கிருந்த குறை.

தனியொருவரின் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். டி.கே.சி. சட்டம் படித்தவர், சட்ட மேலவையில் இருந்தவர், அறநிலையத் துறையின் ஆணையராகப் பணியாற்றியவர். இவற்றுக்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. அந்த வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் சூழ உட்கார்ந்து கவிதை பேசிய மாலைகளுக்காகவே நினைக்கிறோம். அங்கே பாடத்திட்டம் கிடையாது. கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அதை ஒருமுறை சொல்வார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் ஏற வேண்டும் என்று காட்டி மறுபடி சொல்வார். பொருள் விளங்கிவிட்டது என்று கேட்பவர் நினைக்கும்போது, பாவம் வந்ததா என்று பார்ப்பதற்காக இன்னொரு முறை சொல்வார். தொ.மு.பாஸ்கரத் தொண்டைமானும், அ.சீனிவாசராகவனும், பின்னாளில் நீதிபதியான மகாராஜனும் அந்தச் சூழலில் கம்பனைக் கேட்டவர்கள். பிறகு டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். அந்த நாட்களை நினைவுகூர்ந்த நண்பர்கள் பலர் கவிதைப் பேச்சையும் அந்த வீட்டுச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அதைச் சாப்பாட்டு ஆசை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாட்டைச் சுவைக்கக் கொடுத்தவரும் இலையில் பரிமாறியவரும் ஒருவராகவே இருந்ததால், இரண்டு நினைவும் அவர்களுக்கு ஒன்றாகிவிட்டது.

வட்டத்தொட்டியின் வலிமை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே அதன் குறையும் வந்தது. தேர்ந்தெடுப்பவர் என்றும் ஒருவரே. டி.கே.சி. தன் காதுக்குக் கம்பன் குரலாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சில இடங்களில் பாடத்தையே மாற்றினார். புலவர்கள் அதைக் கண்டித்தார்கள். பதிப்பு நெறியை வைத்துப் பார்த்தால் அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கண்டனம் வெளியிலிருந்து வந்தது. அப்படிக் கண்டித்தவர்களில் ஒருவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்திருந்தால், டி.கே.சி. அவர் வீட்டில் உட்கார்ந்து தான் தள்ளிய பாட்டைக் கேட்க நேர்ந்திருந்தால், தமிழ்க் கவிதை விமர்சனத்துக்கே வேறொரு நல்ல சண்டை கிடைத்திருக்கும். 1954இல் அவர் மறைந்த பிறகு அந்த அவை அதே வடிவில் நிலைக்கவில்லை. மறுபுறம், 1939இல் சா.கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டி நிலைத்தது. ஆனால் அது மேடையாக நிலைத்தது. மேடையில் பேசுபவர் பேசுவார், கீழே இருப்பவர் கேட்பார். கம்பனை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அந்த மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. என்றாலும் தொட்டிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர் இடைமறித்து ஒரு கேள்வி கேட்க முடிந்தது, பந்தலில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது. தனியொருவரின் தேர்வில் உள்ள துணிச்சலும் வேண்டும், அது ஒருவரோடு முடிந்துவிடாத ஏற்பாடும் வேண்டும் என்றால், முறை வைத்துச் சுற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. ஒருவர் வீட்டில் அவர் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த புத்தகத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. முகத்தாட்சண்யம் விமர்சனத்தைக் கொன்றுவிடாதா? இதற்குப் பழைய வட்டம் ஒன்றின் அனுபவம் உதவும். 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர்களைச் சேர்த்து ஜன்டோ என்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினார். அவர் அச்சுத் தொழிலாளி. மற்றவர்களில் கண்ணாடி பதிப்பவர், செருப்பு தைக்கும் தொழில் கற்றவர், தச்சர், நில அளவையாளர் என்று கைத்தொழிலாளர் பலர். 1731இல் சந்தா நூலகம் ஒன்று உருவாக வழி செய்ததும் அந்த நட்புதான். வாதம் முற்றி மனம் கசந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் சொல்வதே சரி என்று அடித்துப் பேசுவதற்கும் நேரடியாக மறுத்துரைப்பதற்கும் அங்கே சிறு அபராதம் விதித்தார்கள் என்று பிராங்க்ளினே தன் வரலாற்றில் எழுதுகிறார். விமர்சனத்துக்கு எல்லைக்கட்டு தேவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள், அதைக் காசால் கட்டினார்கள். சாப்பாடு அந்த வேலையைக் காசில்லாமல் செய்யும், வரிசையைச் சரியாக வைத்தால். முதலில் பேச்சு, பிறகு சாப்பாடு. இன்னும் ஒரு மணி நேரத்தில் இதே மனிதரோடு பந்தியில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்தால், நாவலின் முடிவு பொய் என்று ஒருவர் தயங்காமல் சொல்லலாம், மற்றவரும் முகம் சுளிக்காமல் கேட்கலாம். சண்டை உறவை முறித்துவிடுமோ என்ற பயம்தான் நம்மை வாய்மூட வைக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பந்தி காத்திருக்கிறது என்ற உறுதி அந்தப் பயத்தைக் குறைக்கும். தவிர, இன்று குறை சொல்பவரின் முறையும் சில மாதங்களில் வருகிறது. அந்த நினைவு அவர் சொல்லைக் கனிய வைக்கும், அடைக்காது.

சாப்பாடு உறவைக் காப்பதோடு நின்றுவிடுவதில்லை. தேர்ந்தெடுத்தவர் சமையலைத் தீர்மானிக்கும்போது அவர் புத்தகத்தை இன்னொரு முறை படிக்கிறார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி, நல்லூர் நத்தத்தனார் பாடியது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சில் கொண்டுவந்தார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த நாடு இன்றைய திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி. வழி சொல்வதென்றால் எந்த ஊரில் யார் என்ன உணவு தருவார்கள் என்று சொல்வதும்தான். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட உலர்ந்த குழல்மீனும். வேலூரில் எயினப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும். ஆமூரில் உழவர் வீட்டில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். கடைசியாக அரண்மனையில், வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி தவறாமல் ஆக்கிய உணவு வகைகளைப் பொற்கலத்தில் இட்டு, மன்னன் தானே நின்று உண்பிக்கிறான். கடற்கரை, வறண்ட காடு, வயல், நகரம் என்று நிலம் மாற மாற இலையும் மாறுகிறது. இதைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்குத் திணையும் அடி எண்ணும் நினைவிருக்கும். ஒரு வேளை சமைக்கப் போகிறவருக்கு வேறு கேள்விகள் வரும். மீனைச் சுட்ட விறகு எது, சோற்றுக்குப் புளிப்பு எதிலிருந்து வந்தது, நண்டோடு எதைக் கலந்தார்கள், இவற்றில் எது இன்றும் மரக்காணம் பக்கத்தில் கிடைக்கும்?

அந்தப் பாட்டிலேயே இன்னொரு சமையலும் இருக்கிறது. பரிசு பெறுவதற்கு முன் பாணன் வீடு இருந்த நிலை. அடுப்படி இடிந்து கிடக்கிறது, கூரைக் கழி சரிந்துவிட்டது, காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியைக் கவ்வ, வலி பொறுக்காமல் தாய் நாய் குரைக்கிறது. பசியில் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு இல்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுபவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். உப்பு இல்லை என்ற ஒரு சொல்லைக் கண் எளிதாகத் தாண்டிப் போய்விடும். அடுப்பின் முன் நிற்பவர் தாண்ட முடியாது. இதே பாட்டின் முற்பகுதியில், கொற்கையைப் பேசும் இடத்தில், உப்பு வணிகரின் வண்டித்தொடரோடு வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உப்பு வண்டி வண்டியாகப் போகும் உலகமும், ஒரு கல் உப்பு இல்லாத அடுப்பும் ஒரே பாட்டில், சில பத்து அடிகளுக்குள் இருக்கின்றன. இனி முடிவு செய்ய வேண்டும். அந்த உப்பில்லாக் கீரையை வட்டத்தின் விருந்தில் வைப்பதா? வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள், புத்தகத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்பார்கள். வைக்கக் கூடாது என்பது என் தீர்ப்பு. அவள் கதவை அடைத்தது யார் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவோ, அந்த வேற்றாள் நாம்தான். வயிறு நிறைந்தவர்கள் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சுவை பார்ப்பது அந்தக் கதவைத் தள்ளித் திறப்பதாகும். குழல்மீனும் புளிச்சோறும் நண்டும் வரட்டும், கீரை வரவேண்டாம். ஏன் வரவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்தவர் பந்திக்கு முன் சொல்லட்டும். அந்தச் சொல் ஒரு நல்ல உரையாசிரியர் எழுதும் குறிப்புக்குச் சமம்.

இதிலிருந்தே அடுத்த மறுப்புக்கும் பதில் கிடைக்கிறது. பசியைப் பற்றி, இழிவைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களுக்கு என்ன விருந்து வைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தது. புதிரை வண்ணார் குலத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் தலித் குடியிருப்புக்கே துணி வெளுத்துக் கொடுத்து, மாலையில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிறாள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்கப்பட்டவள். ஒவ்வொரு வீட்டுச் சோறும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் விழுகிறது. அந்தச் சோற்றை நகல் செய்து பரிமாறுவது வாசிப்பு ஆகாது, வேடிக்கை ஆகும். அப்படியானால் புத்தகத்தையொட்டிய சாப்பாடு என்ற யோசனையே இங்கே உடைந்துவிடுகிறதே என்றால், உடைகிற இடத்தைக் கண்டுபிடிப்பதே அதன் பயன் என்பேன். அந்த மாதம் எல்லோரும் அவரவர் வீட்டில் அன்றாடம் ஆக்குவதையே கொண்டுவரட்டும், தேர்ந்தெடுத்தவரே எல்லோருக்கும் பரிமாறட்டும். இந்தத் தெருவில் யாருக்கு நாம் பாத்திரத்தைத் தொடாமல் எட்ட நின்று சோறு போடுகிறோம் என்ற கேள்வியை அன்று தவிர்க்க முடியாது. நாவலை நாற்காலியில் சாய்ந்து படித்து முடித்தவருக்கு ஆரோக்கியத்தின் மேல் இரக்கம் வந்திருக்கும். சாப்பாட்டை என்ன செய்வது என்று திணறியவருக்கு அந்த இரக்கம் போதாது என்பது தெரிந்திருக்கும். கருப்பொருள் விருந்து என்ற பெயரில் மேசை விரிப்பின் நிறத்தையும் காகித விளக்கையும் பற்றி மட்டும் யோசிக்கும் வட்டங்கள் இழப்பது இதைத்தான்.

பெண்களிடமிருந்து வரும் மறுப்பை நான் எல்லாவற்றிலும் கனமானதாக மதிக்கிறேன். வீட்டில் மூன்று வேளை சமைப்பவளுக்கு மாதம் ஒருமுறை கிடைக்கும் இரண்டு மணி நேரத்தையும் அடுப்படிக்கே கொடுக்கச் சொல்கிறீர்களா என்பது அது. அம்பையின் வீட்டின் மூலையில் ஒரு சமையலறை என்ற கதையைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் ஆழம் தெரியும். பெரிய வீட்டில் ஒதுக்கப்பட்ட இருட்டான சமையலறை, அதைச் சற்று வெளிச்சமாக்கச் சொல்லும் மருமகளின் யோசனை எடுபடுவதில்லை, அந்த இருட்டுக்குள்ளேயே பெண்கள் தங்கள் அதிகாரத்தை அமைத்துக்கொள்கிறார்கள். ஆண் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க, அவர் மனைவி சமைக்க, அவர் பேச, அவள் உள்ளேயிருந்து பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்க என்று ஒரு வட்டம் நடக்குமானால், அது நடக்காமல் இருப்பதே மேல். தேர்வையும் சமையலையும் பிரிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தேர்ந்தெடுத்தவர் தானே சமைக்க வேண்டும். சமைக்கத் தெரியாத ஆண் கற்றுக்கொள்ளட்டும், அதுவும் முடியாவிட்டால் அரிசிக் கஞ்சியும் துவையலும் போதும் என்ற அளவில் நிற்கட்டும். இதற்கேற்ற புத்தகம் வேண்டுமென்றால் பூமணியின் வெக்கை இருக்கிறது. 1982இல் வந்த நாவல், அசுரன் படத்தின் வழியே பலரும் அறிந்த கதை. கொலைக்குப் பிறகு காட்டில் ஒளிந்து திரியும் தகப்பனும் பதினைந்து வயது மகனும் கிடைத்ததைப் பறித்தும் பொங்கியும் உண்கிறார்கள். பழிவாங்கலுக்காகப் படத்தைப் பார்த்தவர், நாவலில் எத்தனை பக்கங்கள் இரண்டு ஆண்கள் சோறு தேடுவதில் கழிகின்றன என்பதைக் கண்டு வியப்பார். அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆண் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிப் பார்த்துவிட்டு வந்தால், மகனுக்குத் தகப்பன் சோறு ஆக்கித் தருவதில் உள்ள அன்பைப் பற்றிப் பேச அவருக்குச் சொந்தமாகச் சில சொற்கள் கிடைத்திருக்கும்.

சேர்ந்து சாப்பிடுவது நம் நாட்டில் எளிய செயலாக இருந்ததில்லை. வட்டத்தொட்டி கூடிய அதே நெல்லைச் சீமையில், சேரன்மாதேவியில், வ.வே.சு.ஐயர் ஒரு குருகுலத்தை நடத்தினார். அவர் சாதாரண வாசகர் அல்லர். கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆழமான ஆய்வு எழுதியவர், குறளை மொழிபெயர்த்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். நாட்டுக்குத் தொண்டர்களை உருவாக்கும் பள்ளி என்று காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பணம் கொடுத்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக என்று விளக்கம் சொல்லப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். தமிழக அரசியலின் போக்கையே திருப்பிய சண்டைகளில் அது ஒன்று. ஒரே பாடத்தைச் சேர்ந்து படித்தவர்கள் சேர்ந்து உண்ண முடியாமல் போனால், சேர்ந்து படித்ததும் பொய்யாகிவிடுகிறது என்பதை அந்தப் பள்ளி நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஆகவே படிப்பு போதும், சாப்பாடு எதற்கு, வீண் சங்கடம் என்பவர்களுக்கு என் பதில்: அந்தச் சங்கடம் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது, வட்டம் அதைப் பார்க்க வைக்கிறது.

அதே வேளையில் இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவும் கூடாது. அம்பேத்கர் 1936இல் லாகூர் கூட்டத்துக்காகத் தயாரித்து, அந்தக் கூட்டம் ரத்தானதால் தானே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையில், சமபந்தி விருந்துகள் சாதி உணர்வைக் கொன்றுவிடவில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். சாதி மறுப்புத் திருமணத்தையே உண்மையான மருந்தாகக் காண்கிறார். அவர் சொன்னது சரி. மாதம் ஒரு பந்தியால் சாதி போய்விடும் என்று எந்த வாசக வட்டமும் நம்பிவிட வேண்டாம். நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதது: தனிப் பந்தி கூடாது. மாமிசம் உண்ணாதவர் உண்ண வேண்டியதில்லை. ஆமூர் நண்டு வைக்கும் நாளில் அவர் வெறும் சோறும் மோரும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து இலையில் நண்டு இருக்கிறது என்பதற்காக எழுந்து வேறு அறைக்குப் போகக் கூடாது. மாமிசம் சமைப்பவருக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று அறிவிக்கும் அடுக்ககங்கள் உள்ள நகரங்களில் இது சிறிய நிபந்தனை ஆகாது. சங்க இலக்கியத்தைப் பெருமையாகப் பேசிவிட்டு, அந்த இலக்கியத்தில் உள்ளவர்கள் உண்டதைக் கண்டு மூக்கைப் பொத்துவது நேர்மையான வாசிப்பும் ஆகாது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பண்டம் போதும், மற்றதெல்லாம் வழக்கமான சோறாக இருக்கட்டும். யார் இலையில் எத்தனை வகை என்ற போட்டி நுழைந்தால் வசதி குறைந்தவர் தன் முறை வருமுன் விலகிவிடுவார், அவர் கொண்டுவந்திருக்கக்கூடிய புத்தகமும் அவரோடு போய்விடும். புத்தகத்தையும் எல்லோரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னால் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். பக்கத்துக் கிளை நூலகத்தில் இந்த நூலில் இன்னும் இரண்டு படிகள் வேண்டும் என்று பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுப்பது நமக்குள்ள உரிமை. அச்சில் இல்லாத நூலைத் தேர்ந்தெடுப்பவர், அது மற்றவர்களுக்குக் கிடைக்கும் வழியையும் தேடித் தர வேண்டும். அதுவும் பரிமாறுவதில் சேர்ந்ததே.

கடைசியாக, படிக்காமல் சாப்பிட மட்டும் வருபவரை என்ன செய்வது என்ற கேள்வி. எல்லா வட்டங்களிலும் இது முணுமுணுப்பாக இருக்கும், சில இடங்களில் விலக்கிவைக்கும் விதியாகவும் மாறும். நான் அவரை விலக்கமாட்டேன். வாசிப்பு தனிமையில் நடக்கும் செயல், கூட்டத்தில் அது நீர்த்துவிடும் என்று அஞ்சுபவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பக்கங்களைத் தனியாகத்தான் புரட்ட வேண்டும், அந்த வேலையை வட்டம் யாருக்காகவும் செய்து தராது. ஆனால் தனியே படித்து முடித்தவர், படிக்காத ஒருவருக்குத் தான் படித்ததைச் சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று அறிகிறார். பன்னிரண்டு பேரும் படித்துவிட்ட கூட்டத்தில் பலவற்றை எல்லோருக்கும் தெரிந்ததாக வைத்துத் தாண்டிவிடுவோம். படிக்காதவர் நண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பாணன் ஏன் இவ்வளவு தூரம் நடந்து போகிறான், பக்கத்திலேயே மூவேந்தர் இல்லையா என்று கேட்பார். அது பாட்டின் முற்பகுதியிலேயே நத்தத்தனார் பதில் சொல்லும் கேள்வி, வஞ்சியையும் மதுரையையும் உறந்தையையும் ஒவ்வொன்றாகப் புகழ்ந்து, நல்லியக்கோடனின் வாயிலுக்கு அவை ஈடாகா என்று அவர் ஒதுக்கும் பகுதி. படித்தவர்களில் யாராவது நூலைத் திறந்து அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். தேடிப் படிக்கும்போது கேட்டவரும் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு முறை இப்படி வந்தவரிடம், மூன்றாவது முறை, அடுத்த மாதப் புத்தகத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். என்ன சமைப்பது என்று யோசிப்பதற்காகவாவது அவர் அதைப் படித்தாக வேண்டும்.